மதில்மேற் பூனையும் வீட்டுக்குள் ஒரு மரமும்

முடிவுக்கு வரமாட்டாமல் தயங்குபவரை ‘மதில்மேற் பூனை’ என்று நாம் பரிகசிப்பதுண்டு. இந்தப் பக்கம் பாயுமோ, அந்தப் பக்கம் பாயுமோ என்ற ஐயம் கீழே நின்று பார்ப்பவருக்குத்தான். மதிலின்மேல் இருக்கும் பூனைக்கோ ஐயம் ஏதும் இல்லை. வளவு முழுவதிலும் தனக்கு மிகச் சிறந்த இடம் எதுவோ அதனை அது முன்னரே தெரிந்தெடுத்துவிட்டது. நாய் எட்டாத உயரம். வருவோர் போவோரைக் காணத்தக்க நோக்கு. வேண்டிய பக்கம் இறங்கி ஓடத்தக்க வழி. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் மதிலைவிட வேறு உண்டோ?

ஊரிலே இருந்த வீடுகளிற் பூனைக்கு இவற்றுக்குக் குறைவே இருந்ததில்லை. மதில் இல்லாவிடின் வேலி. வேலி இல்லாவிடின் மாமரம். அதுவும் இல்லாவிடின் கோடிப்புறத்து விறகடுக்கு. பூனைக்கென்று எவரும் எதனையும் செய்து கொடுக்கவேண்டியிருக்கவில்லை. இன்றோ நம்மிற் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் வாழ்கின்றோம். நம்மோடு பூனையும் மாடியேறி வந்துவிட்டது. வீதியில் ஓயாத வாகனங்கள், கட்டாக்காலி நாய்கள், விசர்நோய் அச்சம் ஆகியவற்றைக் கருதி அதனை வெளியே விடாது வளர்ப்போர் பலர். அப்படி வளர்ப்பது நன்றே. ஆனால் வெளியுலகத்தை அதற்கு மறுத்த நாம், அவ்வுலகத்திலிருந்து ஒன்றையேனும் வீட்டுக்குள்ளே கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்த ஒன்று, ஏறி இருப்பதற்கு ஓர் உயரமான இடம்.

கடைகளில் ‘கற் ட்ரீ’ என்னும் பெயரில் இது விற்கப்படுகின்றது. நாம் இதனை ஏறுமரம் என்போம். இதனை வாங்கும்போதும் செய்விக்கும்போதும் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பதையே இவ்வாரம் ஆராய்வோம்.

உயரம் ஏன் வேண்டும்?

நம் வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை. சைப்பிரஸ் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் காணப்பட்டதை ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதனுடன் இத்தனை நெடுங்காலம் பழகிய பின்னரும் பூனை தன் பிறவிக் குணத்தை விட்டுவிடவில்லை. எலிக்கும் பறவைக்கும் அது வேட்டைக்காரன். தன்னிலும் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரை. வேட்டையாடுவதற்கும் உயரம் வேண்டும். வேட்டையாடப்படாதிருப்பதற்கும் உயரம் வேண்டும்.

நம் நாட்டுக் காடுகளிலும் இதற்குச் சான்று உண்டு. துருநிறப் புள்ளிகளையுடைய ஒரு சிறு காட்டுப்பூனை இலங்கையிலும் இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழ்கின்றது. உலகிலுள்ள பூனையினங்களுள் மிகச் சிறியனவற்றுள் அதுவும் ஒன்று. நன்கு வளர்ந்த பின்னரும் அதன் நிறை ஏறத்தாழ ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையே. அவ்வளவு சிறிய உடலோடு காட்டில் வாழும் அது, மரமேறுவதிலே மிகவும் வல்லது.

வீட்டுப் பூனைகளின் தேவைகளைப் பற்றிப் பூனை மருத்துவர்களின் இரு சங்கங்கள் 2013ஆம் ஆண்டிலே கூடி வெளியிட்ட வழிகாட்டியில் ஐந்து தேவைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவதாக நிற்பது, பூனைக்கு அச்சமின்றி ஒதுங்கியிருக்கத்தக்க ஓர் இடம் வேண்டும் என்பதாகும். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்னும் நம் முதுமொழி, எலியைப் பிடிக்கும் பூனைக்கும் பொருந்துவதைக் காண்கின்றோம்! விருந்தினர் வந்தாலும், குழந்தைகள் துரத்தினாலும், மிக்சியின் இரைச்சல் எழுந்தாலும் ஏறியிருந்து அமைதியுடன் பார்க்க ஓர் இடம் இருக்குமாயின், பூனை கட்டிலின் கீழே நாள் முழுவதும் பதுங்கிக் கிடக்கவேண்டியதில்லை.

ஒரு வீட்டிலே நிகழ்ந்தது

நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தினர் கொழும்பிலே தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கின்றனர். தம் பூனைக்கென்று ஐந்தடி உயரமான ஏறுமரம் ஒன்றினை வாங்கினர். பஞ்சுபோன்ற துணி போர்த்து, ஊஞ்சற் பந்தும் சிறு வீடும் பொருத்தி, பார்ப்பதற்கு மிக அழகாயிருந்தது. பூனையும் முதல் நாளே அதன் உச்சியில் ஏறிக்கொண்டது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாலைவேளை சுவரிலே பல்லியொன்று ஓடிற்று. உச்சியிலிருந்த பூனை அதன்மேற் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் உதைப்பிலே ஏறுமரம் அடியோடு சாய்ந்து தரையில் விழுந்தது. சற்று முன்னர்வரை அவ்விடத்திற் பாய் விரித்து அந்த வீட்டுச் சிறுமி படங்கீறிக்கொண்டிருந்தாள். நல்ல காலமாக அவள் தண்ணீர் குடிப்பதற்குக் குசினிக்குப் போயிருந்தாள்.

எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து பூனை அந்த மரத்தின் பக்கமே போகவில்லை. நிமிர்த்தி வைத்தார்கள், மீன் துண்டை உச்சியில் வைத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை. ‘இதுக்கு இது பிடிக்கேல்லை, காசுதான் வீண்’ என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். பூனையோ வேறோர் உயரத்தைத் தேடிற்று. முதலில் அலுமாரியின் உச்சி; அங்கிருந்து பெட்டிகளைத் தள்ளிவிடவே அதனை விரட்டினர். சில நாட்களின் பின்னர் ஒரு காலைப்பொழுதிலே, பல்கனியின் ஒடுங்கிய கைப்பிடிச் சுவரின்மேல் அது கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்ததை வீட்டம்மா கண்டார். கீழே மூன்று மாடி ஆழம். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தவறிவிடுமோ என்று அஞ்சி, அது தானாக இறங்கும்வரை மூச்சையடக்கிக்கொண்டு நின்றதாக அவர் நம்மிடம் கூறினார்.

இந்நிகழ்ச்சி கற்பிப்பது இதுவே: உயரத்தை நாடும் குணத்தைப் பூனையிடமிருந்து எவராலும் நீக்கிவிட முடியாது. உறுதியான உயரத்தை நாம் கொடாவிடின் ஆபத்தான உயரத்தை அது தானே தேடிக்கொள்ளும். ஆடுகின்ற ஏறுமரம் ஒன்றைக் கொடுப்பது கொடாமையினும் கேடு. ஒருமுறை தன்னை வீழ்த்திய இடத்தைப் பூனை எளிதில் மீண்டும் நம்புவதில்லை.

உறுதி என்பது யாது?

கடையிலே ஏறுமரத்தைப் பார்க்கும்போது துணியின் நிறத்தையும் தட்டுகளின் எண்ணிக்கையையுமே பலரும் பார்க்கின்றனர். முதலிற் பார்க்கவேண்டியது அடிப்பலகையையே. விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இதனை எளிய கணக்காற் கண்டுகொள்ளலாம்.

60 அங்குலம் உயரமான ஏறுமரம் ஒன்றின் நிறை 10 கிலோ எனவும், அதன் அடிப்பலகை 16 அங்குலச் சதுரம் எனவும், தண்டு அதன் நடுவில் நிற்கின்றது எனவும் கொள்வோம். நடுவிலிருந்து விளிம்புக்குள்ள தூரம் 8 அங்குலம். ஆகவே மரம் சாயாதபடி அதனைப் பிடித்திருக்கும் திருப்பம் பத்தை எட்டாற் பெருக்க 80. உச்சியிற் பக்கவாட்டாக உதைக்கும் விசை 60 அங்குல உயரத்திலே தாக்குகின்றது. 80ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். அதாவது ஒன்றரைக் கிலோ அளவான ஒரு தள்ளுதலே அந்த வெற்று மரத்தைச் சாய்த்துவிடப் போதும். நாலு கிலோ நிறையுள்ள பூனையொன்று கால்களை ஊன்றிப் பாயும்போது இதனிலும் கூடிய விசையால் உதைக்க வல்லது.

இனி, அடிப்பலகையை 24 அங்குலச் சதுரமாக்கி, நிறையையும் 20 கிலோவாக உயர்த்துவோம். இருபதைப் பன்னிரண்டாற் பெருக்க 240. அதனை 60ஆல் வகுக்க 4. முன்னையதைப் போல மூன்று மடங்கு உறுதி! அடியை எட்டு அங்குலம் அகட்டியதும் அடியிலே நிறையைக் கூட்டியதுமே இதற்குக் காரணம். உயரத்தில் ஓர் அங்குலமும் குறைக்கவில்லை.

இக்கணக்கிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, அடிப்பலகையின் அகலம் உயரத்தின் மூன்றிலொன்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். கூடினால் இன்னும் நன்று. இரண்டாவது, நிறை முழுவதும் அடியிலே சேரவேண்டும். உச்சியிலே பெரிய பெட்டியும் அடியிலே மெல்லிய பலகையுமாக அமைந்தவை தலைகனத்தவை. மூன்றாவது, மேற்றட்டுகளின் விளிம்பு அடிப்பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளலாகாது. அவ்வாறு நீளுமாயின், பூனை பாயாமல் வெறுமனே விளிம்பிற் படுத்திருந்தாலும் அதன் நிறை மரத்தைச் சாய்க்க முயலும்.

கடையிலே இதனைச் சோதிப்பதும் எளிது. உச்சித் தட்டிலே கையை வைத்துப் பக்கவாட்டாக, முதலில் மெதுவாகவும் பின்னர் சற்றே வலிந்தும் தள்ளிப் பாருங்கள். அடி கிளம்புகின்றதா, தண்டு பொருத்திலே அசைகின்றதா என்று நோக்குங்கள். இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள். அடி கிளம்புவதைப் பாரம் ஏற்றித் திருத்தலாம். பொருத்தே அசையுமாயின் அதனை விட்டுவிடுவது நலம். பூனையின் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அந்தப் பொருத்தை மேலும் இளக்கும்.

எவ்வளவு உயரம்? எத்தனை தட்டு?

நலமுள்ள பூனை ஐந்தடி உயரத்துக்குத் தாவ வல்லதாயினும், நாள்தோறும் அப்படித் தாவவேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது. ஏறுவதிலும் இறங்குவதே பூனைக்குக் கடினம். அதன் நகங்கள் கொக்கிபோல வளைந்தவை. மேலே ஏறும்போது மரத்திலே நன்கு மாட்டிக்கொள்ளும். தலைகீழாக இறங்கும்போது உதவமாட்டா. மரத்தில் ஏறிய பூனை இறங்கத் தெரியாமற் கத்துவதன் காரணம் இதுவே. எனவே ஒவ்வோர் அடி அல்லது ஒன்றேகால் அடி உயரத்துக்கு ஒரு தட்டு இருப்பது நன்று. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே நில்லாமல் மாறிமாறிப் படிபோல அமைதல் வேண்டும்.

முதிய பூனைக்கு இது இன்னும் முக்கியம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அவற்றுள் 90 பூனைகளில் மூட்டுத் தேய்வின் அடையாளம் காணப்பட்டது. பூனை நொண்டுவதில்லை, முறையிடுவதுமில்லை. உயரத்துக்கு ஏறுவதை மட்டும் மெல்ல மெல்ல நிறுத்திக்கொள்கின்றது. ‘வயதாகிவிட்டது, சோம்பல்’ என்று நாம் எண்ணுகின்றோம். அத்தகைய பூனைக்கு மூன்றடி உயரமும், ஏழெட்டு அங்குலத்துக்கொரு படியும் போதும். உயரத்தைக் குறையுங்கள், உயரமே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள்.

தட்டின் அளவும் கவனிக்கற்பாலது. கடைப் பொருள்களிற் பல தட்டுகள் குட்டிகளுக்கே போதுமானவை. வளர்ந்த பூனை உடலை நீட்டிப் படுப்பதற்கு ஏறத்தாழ 18 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் வேண்டும். ஓரத்திலே ஓரங்குல உயரமான சட்டம் அடித்தால் உறக்கத்திற் புரளும் பூனை விழாது. வீட்டிலே இரு பூனைகள் இருப்பின், உச்சிக்கு இரு வழிகள் அமைத்தல் வேண்டும். ஒரே வழியாயின் வலிய பூனை அதனை மறித்து நின்று மற்றதனை இறங்கவிடாது.

கீறும் தண்டும் கயிறும்

பூனைக்கு முன்கால்களில் ஐவைந்தும் பின்கால்களில் நாலுநாலுமாகப் பதினெட்டு நகங்கள். அவற்றின் பழைய மேலுறையைக் கழற்றுவதற்கும், உடலை நீட்டி முறிப்பதற்கும், தன் பாதத்தின் மணத்தை ஓரிடத்திலே பதிப்பதற்கும் அது கீறுகின்றது. இது குறும்பன்று, தேவை. சாய்மனைக் கதிரையைக் கீறுகின்றதே என்று அடிப்பதிற் பயனில்லை; கதிரையிலும் சிறந்த ஒன்றைக் கொடுப்பதே வழி.

கீறும் தண்டு, பூனை பின்கால்களில் நின்று முழு உடலையும் நீட்டத்தக்க உயரமாயிருத்தல் வேண்டும். இரண்டரை அடிக்குக் குறைந்தது பெரும்பாலும் பயன்படாது. இழுத்துக் கீறும்போது அசையவும் கூடாது. கதிரையைப் பூனைகள் விரும்புவதற்கு ஒரு காரணம், அது பாரமாய் அசையாமல் நிற்பதே.

தண்டின்மேற் சுற்றுவதற்கு வெளிநாடுகளிற் கற்றாழை இனத்து நாரினாலான சைசல் கயிற்றை உபயோகிப்பர். அது கிடைத்தால் நன்று. கிடையாவிடின் நம் நாட்டுத் தும்புக் கயிறும் உதவும். தும்பு சற்றே கூடுதலாக உதிரும், அடிக்கடி கூட்டவேண்டியிருக்கும், ஆனால் மலிவானது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். நைலோன் கயிறு மட்டும் வேண்டாம். அது வழுக்கும், அதன் நீண்ட இழைகளை விழுங்கினால் குடலிற் சிக்கிப் பூனையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தக் கயிறாயினும் இழை நீண்டு தொங்கினால் உடனே வெட்டிவிடுங்கள்.

கயிறு எவ்வளவு வேண்டும் என்பதிற் பலரும் ஏமாறுவர். நாலு அங்குல விட்டமுள்ள தண்டிலே மூன்றடி உயரத்துக்கு, 8 மில்லிமீற்றர்த் தடிப்பான கயிற்றை நெருங்கச் சுற்றுவதற்கு ஏறத்தாழ 130 அடிக் கயிறு தேவை. ஐம்பது அடி வாங்கி வந்து பாதியிலே நின்றவர்களை நாம் அறிவோம். சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் சுத்தியலால் தட்டி நெருக்குங்கள். இளகிய சுற்றிலே நகம் மாட்டினால் பூனை அஞ்சிவிடும்.

எந்த மரம்? எந்தப் பூச்சு?

கடைப் பொருள்களிற் பெரும்பாலானவை மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையாலும் தடித்த கடதாசிக் குழலாலும் ஆனவை. நம் நாட்டு ஈரக் காற்றிலே அத்தகைய பலகை ஊதிப் பொருமும். திருகாணி பிடித்த இடம் இளகும். வாங்குவதாயின் தண்டின் உள்ளே மரமா, கடதாசியா என்று தட்டிப் பாருங்கள். பஞ்சுத் துணி போர்த்தவற்றைக் கழற்றித் தோய்க்க முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியாதவை தெள்ளுக்கும் தூசிக்கும் உறைவிடமாகிவிடும்.

செய்விப்பதாயின் நன்கு உலர்ந்த பலா, தேக்கு, றப்பர் மரம் ஆகியவை ஏற்றவை. வளவிலே வெட்டிய கொய்யாக் கிளையோ மாங்கிளையோ இருந்தால், அதனை நன்கு உலர்த்திப் பூச்சி இல்லாமையை உறுதிப்படுத்திய பின் தண்டாக உபயோகிக்கலாம். தென்னை, கமுகு முதலியவற்றின் மரம் சிராய் எழும்புவது. கயிறு முற்றாகச் சுற்றாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரம் உளுக்காமல் இருக்கவேண்டும் என்று கறையான் மருந்து பூசுவது நம்மவர் வழக்கம். ஏறுமரத்துக்கு அதனைச் செய்யலாகாது. பூனை தன் பாதத்தையும் உடலையும் நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. மரத்திலே பூசியது அதன் வயிற்றுக்குப் போய்ச் சேரும். பெர்மெத்ரின் என்னும் பூச்சிகொல்லி சில மரமருந்துகளிலும், நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளிலும் உண்டு. நாய் தாங்கிக்கொள்ளும் அளவையும் பூனையின் ஈரல் தாங்கமாட்டாது. உடல் நடுங்கி வலிப்புக் கண்டு இறக்கவும் கூடும். தார் எண்ணெயும் பினோல் சேர்ந்த கிருமிநாசினிகளும் அவ்வாறே பூனைக்கு நஞ்சு. கழித்த இயந்திர எண்ணெயைக் கிட்டவும் கொண்டுவரவேண்டாம். வெறும் மரத்தை உப்புத்தாளால் நன்கு தேய்த்து விடுவதே போதும். பூனைக்கு மெருகு தேவையில்லை.

எங்கே வைப்பது?

யன்னலோரமே சிறந்த இடம். தெருவும் காகமும் அணிலும் பூனைக்குப் படக்காட்சி போன்றவை. ஆனால் அந்த யன்னலுக்கு உறுதியான கம்பிவலை இருத்தல் அவசியம். கொசுவுக்கென்று ஒட்டும் மெல்லிய நைலோன் வலை பூனையின் நிறையைத் தாங்காது. இடைவெளி கூடிய இரும்புக் கம்பிகளுக்கிடையே பூனை எளிதில் நுழைந்துவிடும்.

‘பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றியே விழும், அதற்கு ஒன்றும் நேராது’ என்று சொல்பவர் உளர். முதற்பாதி பெரும்பாலும் உண்மை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாறே என்பவர் 1894ஆம் ஆண்டிலேயே, விழுகின்ற பூனை அந்தரத்தில் உடலை முறுக்கித் திரும்பும் விதத்தைத் தொடர் புகைப்படங்களாற் காட்டினார். இரண்டாம் பாதியோ தவறு. நியூயோர்க் நகரிலே உயர்ந்த மாடிகளிலிருந்து விழுந்து ஐந்து மாத காலத்துள் ஒரு மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியாயிற்று. வைத்தியம் பெற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்பதையே பலரும் எடுத்துக்கூறுவர். அவற்றுட் பெரும்பாலானவை மார்பிற் காயமுற்றிருந்தன என்பதையும், விழுந்த இடத்திலேயே இறந்தவை வைத்தியசாலைக்கு வந்திரா என்பதையும் மறந்துவிடுவர்.

யன்னலிலும் நம் நாட்டு வீடுகளுக்கே உரிய வேறோர் ஆபத்து மின்விசிறி. ஏறுமரத்தின் உச்சியிலிருந்து பூனை தாவினாலும் விசிறியின் அலகு எட்டாத தூரத்திலேயே அதனை வைக்கவேண்டும். தகரக் கூரையோ ஓட்டுத் தகடோ வேய்ந்த வீடுகளில் மேலே வெப்பம் தேங்கும்; அங்கே உச்சித் தட்டைக் கூரைக்கு அண்மையில் அமைக்கலாகாது. சமையல் அடுப்புக்கும் சுவாமி விளக்குக்கும் பக்கத்திலே வைக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சொந்த வீடாயின் ஏறுமரத்தின் உச்சியை இரும்புச் சட்டமொன்றினாற் சுவரோடு பிணைத்துவிடலாம். ஒரு திருகாணி ஒரு மூடைப் பாரத்துக்குச் சமம். சுவர் செங்கல்லோ சீமெந்துக் கல்லோ ஆயின் துளையிட்டு அடைப்பு இறுக்கி ஆணி முறுக்குங்கள். சாந்து உதிரும் பழஞ்சுவரை நம்பவேண்டாம். வாடகை வீட்டிலே சுவரைத் துளைக்க முடியாதோர் அடிப்பாரத்தையே நம்பவேண்டும். இரண்டடிச் சதுரமும் ஓரங்குலத் தடிப்புமான கொங்கிறீற்றுப் பலகை இருபது கிலோவுக்கு மேல் நிறையுடையது. அதனை அடிப்பலகையின்மேற் பொருத்திவிட்டால், பூனை பல்லியையன்று பருந்தையே துரத்திப் பாய்ந்தாலும் மரம் சாயாது.

தச்சர் சொன்ன சொல்

மேலே கூறிய குடும்பத்தினர் பின்னர் ஒரு முதிய தச்சரிடம் சென்றனர். அவர் பலாமரத் தண்டின் அடியை நாக்குப்போலச் செதுக்கி, அடிப்பலகையில் வெட்டிய துளையிலே இறுக்கி, கீழிருந்து மரையாணி போட்டார். மூன்றே தட்டுகள், தும்புக் கயிறு, அடியிலே அவ்வீட்டில் மிக்சி வந்தபின் வேலையற்றுக் கிடந்த அம்மிக்கல். முடித்ததும் தோளைக் கொடுத்து அதனைத் தள்ளிப் பார்த்தார்.

“பூனைக்குத்தானே, ஐயா, இவ்வளவு வேணுமோ?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“கதிரை செய்தால் நான் ஒருக்கால் இருந்து பாத்துத்தான் குடுப்பன். இதிலை எனக்கு ஏறி இருக்க ஏலாது. அதாலைதான் தள்ளிப் பாக்கிறன். ஆடுதெண்டு பூனை வந்து எனக்குச் சொல்லாது, தம்பி” என்றார் அவர்.

புதிய மரம் வந்தவுடன் பூனை ஏறவில்லை. அவர்களும் அதனைத் தூக்கி வைக்கவில்லை. இது மிக முக்கியம்: வலிந்து ஏற்றிய பூனை அவ்விடத்தை வெறுத்துவிடும். பூனை வழக்கமாகப் படுக்கும் பழந்துணியை முதற்றட்டில் விரித்தார்கள். ஓரிரு மீன் துண்டுகளை வைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். முதல் வாரம் மணந்து பார்த்தது. இரண்டாம் வாரம் தண்டைக் கீறியது. மூன்றாம் வாரத்திலே ஓர் இரவு, எல்லோரும் உறங்கிய பின்னர், தானே உச்சிக்கு ஏறியிருக்கவேண்டும். விடியற்காலையில் அங்கே சுருண்டு கிடந்தது. பல்கனிக்கும் இப்பொழுது கம்பிவலை அடித்திருக்கின்றார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளை இறுக்கிப் பார்ப்பதும், கயிற்றைச் சோதிப்பதும், உச்சியிற் கை வைத்துத் தள்ளிப் பார்ப்பதும் அந்த வீட்டுச் சிறுமியின் பொறுப்பு. பிராணிகளை வளர்க்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய சிறு கடமை ஒன்று இருப்பது மிகவும் நன்று. சோறு வைப்பதோடு அன்பு முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் அதனாற் கற்றுக்கொள்வார்கள்.

அண்மையில் நாம் அங்கே சென்றிருந்தபோது, பூனை உச்சித் தட்டிலிருந்து நம்மை ஒருமுறை நோக்கிற்று. பின்னர் யன்னலுக்கு வெளியே காகத்தை நோக்கிற்று. பின்னர் கண்ணை மூடிக்கொண்டது. மதிலை விட்டு வந்த பூனைக்கு மீண்டும் ஒரு மதில் கிடைத்துவிட்டது.